ரக்கட் ஹார்ட் டிஸ்க்: விழுந்தாலும் நனைந்தாலும் கோப்புகள் தாங்குமா?

கையோடு கொண்டுபோகும் ஹார்ட் டிஸ்க்குகளில் ‘ரக்கட்’ என்று தனியாக ஒரு வகை விற்கிறது. சுற்றிலும் தடித்த ரப்பர் உறை, அதற்குள் அலுமினியக் கூடு, சிலவற்றில் கேபிள் செருகும் இடத்துக்கு ஒரு மூடி. வெளிப்பார்வைக்கு இவ்வளவுதான் வித்தியாசம். பெட்டியின் மேல் ‘ராணுவத் தரம்’, ‘ஐபி67’, ‘3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்’ என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகளில் இந்த வாசகங்கள் சோதித்துப் பார்த்து எழுதப்பட்டவைதான். ஆனால் ஒவ்வொரு வாசகமும் ஒரு குறிப்பிட்ட சோதனையின் முடிவு. எந்தத் தரையில் விழுந்தது, எத்தனை முறை விழுந்தது, அப்போது டிஸ்க் ஓடிக்கொண்டிருந்ததா என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கூடு உடையாமல் இருப்பது ஒன்று. உள்ளே இருக்கும் கோப்பு எழுதியபடியே திரும்பக் கிடைப்பது வேறொன்று. பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

திருவண்ணாமலை மாவட்டம் போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பயணத்திலேயே ஒரு டிஸ்க்குக்கு வரக்கூடிய சோதனைகள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். கீழே சமவெளியில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடும். மலைச்சாலை வளைவுகளில் ஏறி ஜமுனாமரத்தூர் சேர்ந்தால் காற்று குளிர்ந்துவிடும். பனிக்காலக் காலைகளில் வெளியே வைத்த பொருளெல்லாம் ஈரம் கோத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. உள்ளே இருக்கும் சிற்றூர்களுக்குப் பைக்கிலோ ஜீப்பிலோதான் போக வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், நடுகல்லையும் கற்திட்டையையும் படம்பிடித்து ஆவணமாக்குகிறவர்கள், காட்டுயிர்க் கணக்கெடுப்பில் கேமராப் பதிவுகளைச் சேகரிக்கிறவர்கள் என்று இந்த வழியில் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டிய வேலைகள் பல.

அவர்கள் சுமக்கும் அளவும் சிறியதல்ல. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராக்கள், வரவேற்பும் முகூர்த்தமுமாக ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-ல் நூலாக வெளியிட்ட காலத்தில் கல்லின் மேல் தாள் ஒற்றி மைப்படி எடுத்து வருவார்கள். இன்று ஒரு கல்லை முப்பரிமாணத்தில் பதிவுசெய்ய இருநூறு படங்கள் எடுத்தால், படம் 30 எம்பி என்ற கணக்கில் கல்லுக்கு 6 ஜிபி ஆகிவிடும். மலையில் இணையம் மெலிந்த இடங்களில் இவ்வளவையும் ‘கிளவுட்’டுக்கு ஏற்றுவது நடக்காது. டிஸ்க்தான் வழி.

ஹார்ட் டிஸ்க் ஏன் அடிக்கு அஞ்சுகிறது என்பது உள்ளே பார்த்தால் புரியும். கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத்தட்டுகளின் மேல் காந்தப்படலம் பூசியிருக்கும். கையடக்க டிஸ்க்குகளில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தில் சுழலும். எழுதவும் படிக்கவும் செய்யும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் காற்றின் மேல் மிதக்கும். தட்டு சுழலும்போது பலமான அதிர்ச்சி வந்தால் முனை தட்டில் மோதிக் காந்தப்படலத்தைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்த தரவு போனது போனதுதான். டிஸ்க் நிற்கும்போது முனை தட்டை விட்டு வெளியே வந்து, ஓரத்தில் உள்ள சாய்மேடையில் ஏறி அமர்ந்துகொள்ளும். அதனால்தான் 2.5 அங்குல டிஸ்க்குகளின் விவரத்தாளில் அதிர்ச்சிக்கு இரண்டு எண்கள் இருக்கும். நின்றிருக்கும்போது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1,000 மடங்கு வரை, ஓடும்போது 400 மடங்கு வரை என்பது பரவலாகக் காணப்படும் அளவு. இரண்டும் ஓரிரு மில்லிநொடி மட்டுமே நீடிக்கும் அதிர்ச்சிக்கு உரியவை. எஸ்எஸ்டி வகையில் சுழலும் தட்டும் இல்லை, முனையும் இல்லை. சில்லுகளும் பற்றுவைத்த இணைப்புகளுமே உண்டு. ஒரே மாதிரி ரப்பர் உறை போட்டாலும் இவ்விரண்டின் தாங்குதிறன் ஒன்றாக இருக்க முடியாது.

இனி, விழும் கணக்கு. 1.22 மீட்டர், அதாவது நான்கு அடி உயரத்திலிருந்து விழும் பொருள் அரை நொடியில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அடியின் கடுமையைத் தீர்மானிப்பது இந்த வேகம் மட்டுமல்ல. எவ்வளவு தூரத்துக்குள் அது நிற்கிறது என்பதும்தான். வெறும் உலோகக் கூடு சிமென்ட் தரையில் மோதி 1 மில்லிமீட்டருக்குள் நின்றால், சராசரி அதிர்ச்சியே 1,200 மடங்கைத் தாண்டும். நின்றிருக்கும் டிஸ்க்கின் வரம்பும் உடைந்தது. உறையின் ரப்பர் நசுங்கி 5 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் அது 250 மடங்குக்குள் இறங்கிவிடும். ரக்கட் டிஸ்க்கின் உயிர் அந்தச் சில மில்லிமீட்டர் ரப்பரில் இருக்கிறது. உறையைக் கழற்றி வைத்துவிட்டுப் பயன்படுத்துகிறவர் காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போடுகிறார். ரப்பர் இறுகிப்போனாலும், மூலையில் கிழிந்தாலும் பெட்டியில் அச்சிட்ட உயரம் இனி செல்லாது.

‘ராணுவத் தரம்’ என்று போடப்படுவது பெரும்பாலும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்ற தர ஆவணத்தைக் குறிக்கும். 1962-ல் முதலில் வெளியானது. ‘ஜி’ பதிப்பு 2008-லும் ‘எச்’ பதிப்பு 2019-லும் வந்தன. அதன் 516-ஆம் முறையில் உள்ள ‘போக்குவரத்து வீழ்ச்சி’ச் சோதனைதான் டிஸ்க் விளம்பரங்களில் அடிக்கடி வருவது. கான்கிரீட்டின் மேல் 5 சென்டிமீட்டர் தடிமன் ஒட்டுப்பலகை போட்டு, 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை விட வேண்டும்: ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள். இந்த 26 வீழ்ச்சியையும் ஐந்து மாதிரிகள் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்று அந்த ஆவணமே அனுமதிக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு டிஸ்க் விழுந்தது ஐந்தாறு முறையாகவே இருக்கலாம். விழுந்ததும் பலகை மேல். கருங்கல் மேல் அல்ல. மேலும், அமெரிக்க ராணுவம் எந்த டிஸ்க்குக்கும் சான்றிதழ் தருவதில்லை. எந்த முறையைச் சோதிப்பது, எந்த அளவில் சோதிப்பது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துச் சோதித்து அறிவிக்கிறார். எண்ணும் எழுத்துமாக ‘516.6’ என்று முறையின் பெயரைக் குறிப்பிடும் பெட்டியை நம்பலாம்; ‘ராணுவத் தரம்’ என்று வெறுமனே போட்டிருப்பதற்குச் சோதனை அளவில் மதிப்பில்லை.

இந்தியாவில் இதற்கு இணையான ஆவணங்கள் உண்டு. முப்படைகளுக்கான மின்னணுக் கருவிகளைச் சோதிக்க ஜேஎஸ்எஸ் 55555 என்ற கூட்டு விவரக்குறிப்பும், பொதுவான மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 9000 வரிசையும் பயன்படுகின்றன. வெப்பம், குளிர், ஈரவெப்பம், அதிர்வு, மோதல், தூசி என்று ஒவ்வொன்றுக்கும் தனி முறை வகுத்திருக்கிறார்கள். மத்திய அரசின் எஸ்டிக்யூசி இயக்ககத்தின் கீழ் சென்னை திருவான்மியூரில் மின்னணுப் பொருள்களுக்கான சோதனை மற்றும் மேம்பாட்டு மையம் இயங்குகிறது.

ஆரஞ்சு நிற ரப்பர் உறையால் உலகம் முழுக்க அடையாளம் தெரிகிற லாசி ரக்கட் டிஸ்க்கை இங்கே எடுத்துக்காட்டலாம். நீல் பவுல்டன் வடிவமைத்தது. லாசி நிறுவனம் 2012-ல் சீகேட்டின் கைக்கு வந்தது. தட்டு சுழலும் வகைக்கு அந்நிறுவனம் சொல்லும் வீழ்ச்சி உயரம் நான்கு அடி; எஸ்எஸ்டி வகைக்கு 3 மீட்டர். ஒரே குடும்பத்துப் பொருள்தான். உயரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியதற்கு முதற்காரணம் உள்ளே சுழல்வது எதுவும் இல்லாததே.

தண்ணீருக்கும் தூசிக்கும் ஐபி எண். முதல் இலக்கம் தூசி, 0 முதல் 6 வரை; இரண்டாவது தண்ணீர், 0 முதல் 9 வரை. ஐபி54 என்றால் ஓரளவு தூசித்தடையும் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரும். ஐபி65 என்றால் தூசி அறவே புகாது, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஒட்டுமொத்தமாக இந்தச் சோதனைகள் புதிய பொருளின் மேல், நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்புநீரோ சேற்றுநீரோ சோப்புத் தண்ணீரோ கணக்கில் இல்லை. மூடி உள்ள டிஸ்க்கில் மூடியை அழுத்தி மூடிய நிலைதான் சோதிக்கப்படுகிறது. கேபிள் செருகியிருக்கும்போது மழை பிடித்தால் ஐபி எண் துணைக்கு வராது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த டிஸ்க்குகள் அரை மணி நேரம் அல்ல, நாள்கணக்கில் சாக்கடை கலந்த நீரில் கிடந்தன. சாதாரண ஹார்ட் டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டி அல்ல. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க வடிகட்டி வைத்த ஒரு சிறு மூச்சுத்துளை அதில் உண்டு. நீர் அந்த வழியாகப் புகும். வெளிக்கூடு அடைத்திருக்கும்வரைதான் பாதுகாப்பு.

மலைக்கு உரிய இன்னொரு ஈரமும் உண்டு. ஏசி அறையிலோ ஏசி காரிலோ குளிர்ந்த டிஸ்க்கை ஈரக்காற்றில் எடுத்தால் அதன் மேல் நீர்த்துளி கோக்கும். விவரத்தாளில் ‘நீர் கோக்காத நிலையில்’ என்ற நிபந்தனையோடுதான் ஈரப்பத வரம்பு சொல்லப்படுகிறது. உறையிலேயே வைத்து வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து பிறகு இணைப்பது ஒன்றே வழி.

போளூருக்கு வீழ்ச்சியைவிடப் பெரிய சோதனை வெப்பம். இது விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத இடம். உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு 60 டிகிரி வரை இயங்கு வெப்பநிலை தரப்பட்டிருந்தாலும், உறையோடு விற்கும் வெளி டிஸ்க்குகள் சிலவற்றின் விவரத்தாள் சுற்றுப்புறம் 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. சித்திரை மாதப் பகல் அந்த வரம்புக்கு வெளியே. அதிர்ச்சியை உறிஞ்சும் அதே ரப்பர் சூட்டை வெளியே விடாது. நீண்ட நேரம் கோப்பு ஏற்றும்போது டிஸ்க்கின் சூடு அறையின் சூட்டைவிடப் பத்து, பதினைந்து டிகிரி ஏறுவது இயல்பு. அறையே 40 டிகிரி என்றால் வரம்பின் விளிம்புக்கு வந்துவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி சாதாரணம். ஆகவே இவ்வூருக்கு ஏற்ற வேகச் சோதனை ஏசி அறையில் ஐந்து நிமிடம் நடத்துவதல்ல. மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், கோடை மதியத்தில், இரண்டு மணி நேரம் விடாமல் எழுதிப் பார்ப்பது.

மலையின் உயரம் பற்றிக் கவலை வேண்டாம். முனை மிதக்கக் காற்று வேண்டும் என்பதால் சாதாரண டிஸ்க்குகளுக்கு ஏறக்குறைய 3,000 மீட்டர் என்று உயர வரம்பு உண்டு. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர்; மலையின் எந்த ஊரும் வரம்பில் பாதியைக்கூட எட்டாது. இந்த வரம்பு உண்மையில் கடித்த இடங்கள் வேறு. 2017 ஏப்ரலில் கருந்துளையைப் படம்பிடிக்க உலகின் பல மூலைகளில் இருந்த தொலைநோக்கிகள் ஒன்றாக இயங்கியபோது, மெக்ஸிகோவிலும் சிலியிலும் 4,500 மீட்டருக்கு மேலான உச்சிகளில் சாதாரண டிஸ்க்குகளை நம்ப முடியாது என்று ஹீலியம் அடைத்து மூடிய டிஸ்க்குகளைப் பயன்படுத்தினார்கள். தரவின் அளவு பெருகியதால் அவற்றை விமானத்தில்தான் எடுத்துச் சென்றார்கள். தென்துருவத்தில் எழுதிய டிஸ்க்குகள் குளிர்காலம் முடிந்து அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்து சேர்ந்தன.

அடுத்தது வேகம். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் இணைப்பின் உச்ச வேகம். நொடிக்கு 5 ஜிகாபிட் என்பது யுஎஸ்பி 3.0 வழியின் அகலமே தவிர டிஸ்க்கின் ஓட்டமல்ல. 5,400 சுற்று டிஸ்க் வெளிவட்டத்தில் நொடிக்கு 130 எம்பி எழுதினால், உள்வட்டத்துக்கு வரும்போது அதில் பாதிதான் எழுதும். ஒரே வேகத்தில் சுழலும் தட்டில் உள்வட்டத்தின் சுற்றளவு குறைவு என்பதே காரணம். ஆகவே காலி டிஸ்க்கில் எடுத்த வேகத்தை மட்டும் சொல்வது பாதிக்கணக்கு. சராசரி 100 எம்பி என்று கொண்டால் 2 டெராபைட் டிஸ்க்கை நிரப்ப ஐந்தரை மணி நேரம் ஆகும். அதையே பழைய கணினியின் யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் நொடிக்கு 40 எம்பிகூடக் கிடைக்காது. பதினான்கு மணி நேரம் பிடிக்கும். புது டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்ற குறைக்குப் பல நேரம் காரணம் துளையோ கேபிளோதான்.

சிறிய கோப்புகளின் கதை வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் முனை இடம் மாற வேண்டும், தட்டும் சுழன்று வந்து சேர வேண்டும். 5,400 சுற்றில் அந்தக் காத்திருப்பு மட்டுமே சராசரி 5.5 மில்லிநொடி. பத்தாயிரம் சிறு படங்களை ஏற்றும்போது நொடிக்கு 100 எம்பி ஓடிய டிஸ்க் தவழ ஆரம்பிப்பது இதனால்தான்.

இப்போது விற்கும் 2.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் தடங்களைக் கூரை ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறியபடி எழுதும் எஸ்எம்ஆர் முறை இருக்கிறது. கொள்ளளவு கூடும், ஆனால் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதன் மேல் ஏறிய தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். முதல் முறை நிரப்பும்போது குறை தெரியாது. அழித்து மறுபடி எழுதும்போதுதான் வேகம் திடீரென்று சரியும். எஸ்எஸ்டியிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு: முதலில் சில பத்து ஜிபிக்கு வேகமான தற்காலிகப் பகுதியில் எழுதிக்கொள்ளும், அது நிரம்பியதும் வேகம் பாதிக்கும் கீழே போகலாம். சூடேறினாலும் எஸ்எஸ்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவை எதுவும் ஒரு ஜிபி எழுதி முடிவு சொல்லும் ‘கிரிஸ்டல்டிஸ்க்மார்க்’ போன்ற மென்பொருளின் இயல்பான அளவீட்டில் தெரியாது. முழு டிஸ்க்கையும் நிரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தைக் குறித்துவைத்தால் தெரியும்.

நிரப்பிப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. 16 டெராபைட் என்று மலிவு விலைக்கு இணையத்தில் விற்கும் போலி எஸ்எஸ்டிகள் உள்ளே சில ஜிபி மெமரி கார்டை வைத்துக்கொண்டு, கணினியிடம் மட்டும் பெரிய கொள்ளளவைக் காட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் டிஸ்க் முழுக்கத் தெரிந்த தரவை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு இந்த மோசடியை வெளிக்கொண்டுவரும். ஒரு டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது மோசடியல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

வீட்டிலேயோ ஸ்டூடியோவிலேயோ செய்யத்தக்க முறையான சோதனை இப்படி அமையும். டிஸ்க் வந்ததும் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ போன்ற மென்பொருளில், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ எண்களைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் பகுதிகள் இரண்டும் புது டிஸ்க்கில் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிறகு முழுக்க நிரப்பி, ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்குக் குறியைப் பதிவுசெய்து கணினியில் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறி முற்றிலும் மாறிவிடும். டிஸ்க்கைப் பையில் வைத்து ஒரு வாரம் வழக்கமான பயணத்தில் கொண்டுபோய்விட்டு வந்து குறிகளை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஸ்மார்ட் எண்களையும் ஒப்பிட வேண்டும். வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்ப்பது தேவையில்லாதது. ஒரு டிஸ்க் ஒரு முறை பிழைத்தது என்பதால் அடுத்த டிஸ்க்கைப் பற்றி எதுவும் தெரியாது. பிழைத்த டிஸ்க்கும் பழையபடி நலமாக இருக்கிறது என்று பொருளில்லை.

ஸ்மார்ட் எண்களை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு வலுவான சான்று கூகுள் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்ததில், முதல் படிப்புப் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்க 39 மடங்கு வாய்ப்பு என்று கண்டார்கள். பிழை ஒன்றே ஒன்று என்றாலும் நகலெடுத்துவிட்டு அந்த டிஸ்க்கை வேலையிலிருந்து எடுத்துவிடுவதே சரி.

டிஸ்க் ஓடும்போது விழுந்தால், ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்டால், நீரில் மூழ்கினால் மின்சாரம் கொடுக்காமல் இருப்பதுதான் முதல் மருந்து. மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது முனையைத் தட்டின் மேல் இழுத்துச் சுரண்டும். ஹேர் டிரையரால் காயவைப்பதும் அரிசியில் புதைப்பதும் கெடுதல். நீரில் இருந்த அழுக்கு தட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். ஈரத்தோடு பையில் அடைத்து மீட்பு நிபுணரிடம் கொடுப்பவருக்கே வாய்ப்பு அதிகம். 2003-ல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது டெக்சாஸில் வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த கருகிய டிஸ்க் ஒன்றிலிருந்து அதில் பதிந்திருந்த அறிவியல் சோதனைத் தரவில் 99 விழுக்காட்டை மீட்டார்கள். தட்டுகள் பெரும்பாலும் சேதமின்றி இருந்ததும், யாரும் அதை ஓட்டிப் பார்க்காததும் அதற்குத் துணை நின்றன. உத்தரவாதக் காலத்துக்குள் டிஸ்க் பழுதானால் நிறுவனம் வேறு டிஸ்க் தரும். உள்ளே இருந்த கல்யாண வீடியோவுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. மீட்பைத் தானே செய்து தரும் திட்டத்தைச் சில நிறுவனங்கள் சேர்த்து விற்கின்றன. வாங்கும்போது கேட்டுப் பார்க்கத்தக்கது.

மலைக்குத் தூக்கிக்கொண்டு போக எஸ்எஸ்டியே ஏற்றது. ஆனால் வேலை முடிந்தபின் பீரோவில் வருடக்கணக்கில் வைக்க அதை நம்பக் கூடாது. எஸ்எஸ்டியில் தரவு மின்னூட்டமாக இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். மின்னணுச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரக்குறிப்பு, வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி தன் எழுத்து ஆயுளை முடித்த நிலையிலும் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்கிறது. புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுங்காலம் தாங்கும். இருந்தாலும் ஓட்டுக்கூரைக்குக் கீழே போளூர்க் கோடையில் கிடக்கும் பீரோ 30 டிகிரியில் நிற்காது. வைப்புக்கு, தட்டு சுழலும் சாதாரண டிஸ்க் இரண்டு வாங்கி இரு வேறு வீடுகளில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை இணைத்துக் குறிகளைச் சரிபார்ப்பது விலையும் குறைவு, பாதுகாப்பும் அதிகம்.